இப்பில் இப்பிலைத் தறிப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் வீதியோர மரமொன்று தறிபட்டால் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசும். இருந்த நிழலையும் அழித்துவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். போனது வெறும் இப்பில் இப்பில், அது மரமே அல்ல, களை, தொலைந்தது நல்லது என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. காண்டாவன வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கு நிழல் தரும் மரத்தின் பூர்வீகம் பற்றிக் கவலையில்லை. அதே மரத்தின் விதை விழுந்து வளவு முழுவதும் பற்றையாகிப்போனவருக்கு நிழலின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தறிப்பதா விடுவதா என்ற வழக்கில் முக்கியமான ஒன்று பேசப்படாமலே போய்விடுகிறது. தறித்த இடத்தில் அடுத்த மாரிக்கு எது முளைக்கப்போகிறது? களைமரங்களைக் கையாளும் வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது. கோடரிக்கு அதில் சின்னப் பங்குதான்.

தமிழ்நாட்டில் சூபாபுல், சவுண்டல் என்று சொல்லப்படும் இப்பில் இப்பிலின் தாயகம் மெக்சிக்கோவின் தென்பகுதியும் அதையொட்டிய மத்திய அமெரிக்காவும். ஸ்பானியர் காலத்தில் பசிபிக் கடலைக் கடந்து பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்து, அங்கே வாங்கிய பெயரோடு எங்களிடம் வந்தது. 1970களில் வெப்பமண்டல நாடுகளில் அதற்கு ‘அதிசய மரம்’ என்று பட்டமே கட்டியிருந்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வேர்முடிச்சுகளில் வாழும் பக்ரீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவரும். இலையில் புரதம் நிறைய. விறகு நன்றாக எரியும். வெட்ட வெட்டத் தழைக்கும். 1977இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதன் எதிர்காலத்தைப் புகழ்ந்து தனி அறிக்கையே வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் இதே மரம் இடம்பிடித்தது. இந்த இடைவெளியில் மரத்தின் குணம் மாறவில்லை. எந்தக் குணங்களுக்காக அழைத்து வந்தார்களோ, அவையேதான் பிறகு குற்றச்சாட்டுகளாயின.

குடாநாட்டில் அது இவ்வளவு வசதியாகக் குடியேறியதற்கு மண்ணும் ஒரு காரணம். புளிப்பான மண்ணில் இப்பில் இப்பில் சோர்ந்துவிடும். சுண்ணாம்பு கலந்த காரமண்ணில் செழிக்கும். யாழ்ப்பாணமோ சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிட, எஞ்சிய மாதங்களில் தாக்குப்பிடிக்கத் தெரிந்த ஆழ்வேர்தான் இங்கே பிழைக்கும். அதுவும் இதற்கு உண்டு. இதற்கு மேல் போர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது தோட்டங்களும் வளவுகளும் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தன. ஆளில்லாத நிலம், கிளறிய மண், போட்டிக்கு வராத பயிர் ஆகிய மூன்றும் எந்தக் களைமரத்துக்கும் சீதனம் போன்றவை. 2009க்குப் பிறகு வீதிகள் அகலிக்கப்பட்டபோது ஓரங்களில் புதிதாக வெட்டவெளி மண் கிடைத்தது. அதுவும் அந்தச் சீதனத்தில் சேர்ந்துகொண்டது.

காயைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த மரத்தின் தந்திரம் விளங்கிவிடும். தட்டையாக, முக்கால் சாண் நீளத்தில், கொத்துக்கொத்தாகத் தொங்கும். முற்றிக் கபில நிறமானதும் இரண்டு ஓரமும் பிளந்து, மினுமினுப்பான பதினைந்து இருபது விதைகளை உதிர்க்கும். ஒரு கிலோவில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 விதைகள். நகத்தால் கீறிப் பாருங்கள், கீறல் விழாது. அந்த ஓட்டுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது என்பதால் விதை மண்ணில் கிடந்து பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் முளைக்கக்கூடும். நாற்று மேடை போடுபவர்கள் வெந்நீரில் ஊறவைத்துத்தான் அதை எழுப்புவார்கள். பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் என்பதால் துணைக்கு இன்னொரு மரம் வேண்டியதில்லை. ஒற்றை மரம் ஒரு தோப்பைத் தொடங்கிவிடும். முளைத்த ஆண்டிலேயே பூக்கத் தொடங்கிவிடுவதும் உண்டு.

இதை எங்கள் வேம்போடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வேப்பம் விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். இலுப்பை விதையும் அப்படித்தான், பொறுக்கிய கையோடு ஊன்ற வேண்டும். நாங்கள் வேண்டும் என்று நினைக்கும் மரங்களின் விதைக்குப் பொறுமை கிடையாது. வேண்டாம் என்று தறிக்கும் மரத்தின் விதையோ இருபது ஆண்டுகள் காத்திருக்கும். மரத்தை வீழ்த்தியவுடன் அதன் நிழல் விலகி வெயில் மண்ணில் படும். அடியில் காத்துக்கிடந்த விதைகள் அடுத்த மழையோடு கீரைப்பாத்தி போல எழும். அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு போத்துகள் வேறு கிளம்பும். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு பற்றை நிற்கும். இதனால்தான் ஒருமுறை தறித்துவிட்டுப் போவதை எந்த வகையிலும் ‘அகற்றல்’ என்று ஏற்க என் மனம் ஒப்புவதில்லை. அது விதைப்புக்கு நிலம் பண்படுத்துவதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விதைக்கு இறக்கை இல்லை. சோளகக் காற்று அதைத் தொலைவுக்குத் தூக்கிச் செல்லாது. பறவைகள் விரும்பித் தின்னும் சதையும் அதில் இல்லை. பெரும்பாலான விதைகள் தாய்மரத்தின் காலடியிலேயே விழுகின்றன. அப்படியிருந்தும் ஊர் தாண்டி ஊர் போவது எப்படி? வெள்ளவாய்க்காலில் அடித்துச் செல்லப்படுகிறது. காய் தின்ற மாட்டின் சாணத்தோடு போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்தை வழிக்கும் இயந்திரத்தோடும், ஓரிடத்தில் அள்ளி இன்னோரிடத்தில் கொட்டும் டிப்பர் மண்ணோடும் போகிறது. ஆகவே வீதியோரம் என்பது இம்மரம் தற்செயலாக முளைக்கும் இடம் அல்ல, அதன் பயணப்பாதை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. காற்றையும் காகத்தையும் யாராலும் மறிக்க முடியாது, டிப்பரை மறிக்கலாம். வாய்க்காலில் தூர்வாரிய மண்ணை அந்த வீதிக்கே உரிய இடத்தில் கொட்டுவது, காய் நிற்கும் ஓரத்தை வழித்த இயந்திரத்தின் வாளியைக் கழுவிவிட்டு அடுத்த ஊருக்கு அனுப்புவது ஆகிய இரண்டும் பெரிய செலவில்லாத காரியங்கள். இதை எழுதும்போதே, யார் கழுவப்போகிறார்கள் என்று கேட்கும் ஒரு மேற்பார்வையாளரின் முகம் கண்முன் வருகிறது.

சரி, இந்த மரம் யாருக்குமே வேண்டாததா? ஆடு வளர்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் புல் கருகிய பிறகு கொக்கத்தடியோடு வீதியோரத்தில் நின்று குழை வளைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இப்பில் இப்பில் தீவனக் களஞ்சியம். காசு கொடுத்துத் தீன் வாங்க முடியாத வீட்டுக்கு அது பால். விறகுக்கும், பாகல் பயற்றைப் பந்தலின் தடிக்கும் அது கைகொடுக்கிறது. குழையில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. அதை மட்டுமே தொடர்ந்து தின்னும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மயிர் கொட்டும், மெலியும். மற்றக் குழையோடு கலந்து போட்டால் சிக்கல் குறைவு. குதிரை, கழுதை போன்ற அசைபோடாத விலங்குகளுக்கு அது இன்னும் ஆகாது. பிடரியும் வாலும் உதிர்ந்துவிடும். நெடுந்தீவுக் குதிரைகள் மேயும் வெளிகளின் பக்கம் நிழலுக்கென்று யாரும் இதைக் கொண்டுபோய் நடாமல் இருப்பது நல்லது.

பிறநாட்டு மரம் என்பதே குற்றம் என்றால் யாழ்ப்பாணத்தின் பாதி நிழல் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். சித்திரை வைகாசியில் சிவந்து நிற்கும் மயில்கொன்றை மடகஸ்காரைச் சேர்ந்தது. குடைபோல் விரியும் நிழல்வாகை தென்னமெரிக்கப் பக்கத்தது. சந்திக்குச் சந்தி நிற்கும் புளி பழங்காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. நெடுந்தீவில் ஆள் நுழையும் பொந்தோடு நிற்கும் பெருக்கமரமும் அதே கண்டத்தது. அது தீவைக் காடாக்கிவிடவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது, பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மறுதலையாக, எங்கள் வீட்டு வாசலில் தெய்வமாக நிற்கும் வேம்பு அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட களை. ஊர்களில் நிழலுக்கு நட்ட மரங்களின் பழத்தைப் பறவைகள் தின்று ஆற்றங்கரைகளில் விதைத்ததன் விளைவு அது. விடத்தற்பளை என்ற ஊர் தன் பெயரிலேயே சுமந்திருக்கும் விடத்தல், கியூபாவில் விளைநிலங்களை விழுங்கிய முட்காடு. அங்கே அதை வெட்டிக் கரியாக்கி விற்கிறார்கள். 2017இல், அரை நூற்றாண்டுத் தடைக்குப் பிறகு அமெரிக்காவுக்குச் சட்டப்படி போன முதல் கியூப ஏற்றுமதிப் பொருள் அந்தக் கரிதான்!

எனவே மரத்தின் கடவுச்சீட்டைப் பார்ப்பதில் பயனில்லை. அதன் காலடியைப் பார்க்க வேண்டும். மாரி முடிந்த தை மாதத்தில் ஒரு மரத்தின் கீழ் குனிந்து பாருங்கள். நாற்று இல்லையென்றாலோ, கோடையோடு கருகிவிடும் சில நாற்றுகள் மட்டும் இருந்தாலோ, அந்த மரம் எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் அதைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பாய் விரித்தாற்போல் நாற்று நின்றால், அதுவும் ஆண்டுக்காண்டு மரத்தைவிட்டு விலகி விலகி நின்றால், கவலைப்பட வேண்டும்.

அடுத்து, வீதி எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இருபக்கமும் மதிலும் கடையும் உள்ள நகர வீதியில் நிற்கும் இப்பில் இப்பிலின் விதை தாருக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவில் வீணாகும். அங்கே அது நிழலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கடனீரேரிக் கரையையோ, வெளியையோ, பற்றைக்காட்டையோ ஒட்டிய வீதி வேறு. வல்லை வெளி, செம்மணி, தொண்டைமானாற்றுப் பக்கம், 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் போன்ற இடங்களுக்குப் போகும் வீதிகளில் முதல் மரத்தையே விடக்கூடாது. ஆளுயரப் பற்றையும் முள்ளும் கொண்ட இயற்கைக் காட்டை வெறுங்காணி என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. குடாநாட்டில் காடென்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அதுதான். ஒரே மரம் அடர்ந்து நிற்கும் தோப்பு அதை மூடிவிட்டால் பூச்சி குறையும், பூச்சியைத் தேடிவரும் பறவையும் குறையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்போதும் பச்சையாகத்தான் தெரியும்.

மணற்காட்டுச் சவுக்குத் தோப்பு இந்த விவகாரத்தில் நடுவில் நிற்கிறது. சவுக்கின் உதிர்ந்த ஊசியிலை மெத்தையாகப் படிந்து அடியில் வேறு செடி வராமல் தடுக்கும். வேறு நாடுகளின் சில கடற்கரைகளில் அதைக் களை என்றே தள்ளியிருக்கிறார்கள். இங்கே அது ஓடும் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடித்து வைக்க வேறொன்று வேரூன்றும்வரை அதில் கைவைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

ஆவேசமாகக் களைமரம் அகற்றியவர்களின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உத்தரவிட்டபோது இயந்திரங்கள் ஊரூராக இறங்கின. அந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் அறிவியல் ஆதாரமில்லாத கதைகள் பரவின. இராமநாதபுரம் பக்கத்தில் அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வாழ்ந்தவர்களின் குரல் அந்த ஆரவாரத்தில் கேட்கவில்லை. பிடுங்கிய இடத்தில் மாற்று மரம் வைக்காததால் பல ஊர்களில் அது மறுபடி தழைத்தது. எதிர்ப்பக்கப் பாடமும் உண்டு. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பூந்தலவில் அதே சீமைக்கருவேலம் ஈரநிலக் கரைகளை மூடி, அகற்றுவது ஓயாத வேலையாகிவிட்டது. முதல் பத்து மரங்களைப் பிடுங்குவதற்கு ஆகும் செலவை மிச்சம்பிடித்தால் பிறகு என்ன ஆகும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இங்கே செய்யக்கூடியதற்கு வருவோம். முதல் வேலை காயை நிறுத்துவது. மரத்தை உடனே வீழ்த்தாமல், காய் கபிலமாகும் முன்பே கொப்புகளை வெட்டிக்கொண்டிருந்தால் நிழல் ஓரளவு மிஞ்சும், விதை மட்டும் விழாது. இந்த மரம் ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூப்பதால் ஒருமுறை வெட்டிவிட்டு இருந்துவிட முடியாது. குழை வெட்டுபவர்கள் இதைக் கூலி இல்லாமலே பாதி செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை விரட்டுவதைவிட, இந்த இந்த வீதியில் வெட்டலாம், பூங்கொத்தோடு சேர்த்து வெட்டுங்கள் என்று பிரதேச சபை சொல்லிவிடலாம்.

இரண்டாவது, மாற்று மரம் முதலில், தறிப்பு பிறகு. இதற்கு யாழ்ப்பாணத்தாரிடம் நாற்று மேடையைவிட நல்ல ஆயுதம் இருக்கிறது: கதியால், அதாவது நட்டால் துளிர்க்கும் வேலித் தடி. கைமணிக்கட்டுப் பருமனுள்ள பூவரசந் தடியை ஆளுயரத்துக்குமேல் வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, மேல்வெட்டில் சாணம் அப்பி, மாரி தொடங்கும் நேரத்தில் முழங்கை ஆழத்துக்கு நட்டால் தை மாதத்தில் துளிர் நிற்கும். துளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் கூடு கட்டிக் காவல் காக்கத் தேவையில்லை. முருங்கைக்கும் கிளுவைக்கும் முள்முருக்குக்கும் இதே முறைதான். வேலி கட்டிய தலைமுறை கையோடு வைத்திருந்த இந்த வித்தை, மதில்கள் எழுந்த பிறகு வேலையில்லாமல் கிடக்கிறது. பூவரசங் குழை ஆட்டுக்கும் ஆகும், தோட்டத்தில் பசளையாக மண்ணில் குழை தாழ்க்கவும் ஆகும். தீவனம் போய்விடுமே என்ற கவலைக்கும் இதிலேயே பதில் கிடைக்கிறது. நெடுங்கால நிழலுக்கு வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல், நீர் நிற்கும் தாழ்வில் மருது என்று கதியால்களுக்கு இடையில் நாற்று வைக்கலாம். வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியது காலம் தவறாத ஏற்பாடு. அந்த மாதத்தில் நட்டதற்குப் பங்குனியில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை மட்டும் நடுகை விழா மேடையிலேயே சொல்லிவிட்டால் நன்று.

மூன்றாவது, தறித்த பிறகு வரும் இரண்டு மாரிகள். நாற்றை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். மாசி பிறந்துவிட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு மண்வெட்டிதான். அடிக்கட்டையை நிலமட்டத்தோடு வெட்டி, போத்து வரவர ஒடிக்க வேண்டும், அல்லது ஆட்டை விட வேண்டும். களைகொல்லி பூசினால் சுலபம் என்பார்கள். வேறிடங்களில் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச் சேரும் நிலம் இது. குடிக்கவும் தோட்டத்துக்கும் அந்தக் கிணற்றைத் தவிர எங்களுக்கு வேறு நாதியில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலம் மறந்துபோகுமா? நூறு அடிக்கட்டைக்குக் கைவேலை செய்ய ஆள் கிடைக்காவிட்டால் ஐம்பதைத் தறிப்போம்.

அதிகாரம் சிதறிக்கிடப்பதும் சிக்கலுக்கு ஒரு காரணம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம். ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபையிடம். கம்பிக்காகக் கொப்பு வெட்டுவது மின் விநியோகத் துறையின் வேலை. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைக் காக்கிறது. தெருவோர வேம்பு அதில் இல்லை. ஒருவர் நட்டதை இன்னொருவர் மொட்டையடிக்கும் காட்சி இதனால் வருகிறது. கம்பிக்கு நேர் கீழே வேம்பை நட்டுவிட்டு ஆண்டுதோறும் அதன் தலையை வெட்டினால், வெட்டுவாயிலிருந்து எழும் கிளைகள் உறுதியில்லாமல் பிடித்திருக்கும். மார்கழிப் புயலில் முதலில் முறிந்து விழுவதும் அவைதான். கம்பிப் பக்கம் பூவரசு, மறுபக்கம் வேம்பு என்று நடும்போதே பிரித்துவிட்டால் பிறகு யாரோடும் சண்டையில்லை.

தறிப்பு ஒப்பந்தத்திலும் ஒரு வரியை மாற்றலாம். மரத்தை வீழ்த்தி ஏற்றியவுடன் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், பிறகு அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்க்க ஒப்பந்தக்காரருக்குக் காரணம் இல்லை. மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, இரண்டாவது மாரி கழிந்த தை மாதத்தில் அடிக்கட்டையில் போத்து இருக்கிறதா, நாற்று பிடுங்கப்பட்டதா, நட்ட கதியாலில் எத்தனை துளிர்த்திருக்கிறது என்று ஊர்ச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் நடந்து பார்த்த பிறகு கொடுக்கலாம். ஒரு கிலோமீற்றர் வீதிக்கு அரை நாள் போதும்.